கடியாபட்டி வீடும் கேபினெட் இல்லாத கம்ப்யூட்டரும்!



மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்னு சொல்வாங்க இல்லையா? திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகிற பஸ்ஸில் ஜன்னலோர ஸீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்றைக்கு அதே நிலைமைதான். மடியில் ஒன்றரை அடி நீளத்தில் ஒரு பிளைவுட் பலகை. பலகை மேல் ஒரு சர்க்யூட் போர்டு, செம்புக் குழாய், உள்ளங்கையில் பாதி சைஸில் ஒரு ஃபேன், அங்கங்கே தொங்குகிற ஒயர்கள். டிக்கெட் போட வந்த கண்டக்டர் அண்ணன் ரெண்டடி பின்னால் போய் நின்னுட்டார்.

"தம்பி... என்னப்பா இது?"

"கம்ப்யூட்டர்ண்ணே."

"மூடி எங்க?"

"மூடி இல்லாத மாடல்ண்ணே!"

அவர் நம்பின மாதிரி தெரியலை. "எதுக்கும் மேல ஒரு துண்டைப் போட்டு வை. பார்க்கிறவங்க பயந்துக்கப் போறாங்க"ன்னு சொல்லிட்டு நகர்ந்தார். பக்கத்து ஸீட் பெரியம்மா மட்டும் புதுக்கோட்டை வரைக்கும் என்னை ஒரு மாதிரியாவே பார்த்துட்டு வந்தாங்க.

கேபினெட்டுக்குள் அடைக்காமல், போர்டு, ஃபேன், ஒயர் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கட்டுகிற கம்ப்யூட்டருக்கு 'ஓபன் ஃப்ரேம்'னு பேர். சின்ன இடத்தில் அடங்குகிற மாதிரி கட்டினால் 'காம்பாக்ட்'. ரெண்டையும் சேர்த்து ஒரே பலகையில் நான் கட்டியிருந்தேன். கட்டினது ஹாஸ்டல் ரூமில். ஆனால், கம்ப்யூட்டருக்குக் காத்து எப்படி வேணும்னு கத்துக்கிட்டது திருமயம் பக்கத்தில் ஒரு பழைய வீட்டில். அந்தப் பயணத்துக்குத்தான் உங்களையும் கூட்டிட்டுப் போறேன். ரெடியா?

பரணில் கிடந்த லேப்டாப்

கதை ஆரம்பிக்கிறது எங்க வீட்டுப் பரணில். 2011 செப்டம்பர் 15-ம் தேதி தமிழ்நாட்டில் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது ஞாபகம் இருக்கா? உங்க வீட்டிலும் அண்ணனோ அக்காவோ ஒரு லேப்டாப் வாங்கியிருப்பாங்க. எங்க அக்கா ப்ளஸ் டூ படிக்கும்போது 2014-ல் வாங்கினா. அதை வெச்சுத்தான் காலேஜை முடிச்சா. அதை வெச்சுத்தான் அரசு வேலைப் பரீட்சைக்கும் படிக்க ஆரம்பிச்சா.

2018 நவம்பர் 16. கஜா புயல். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்து ஆளுங்களுக்கு அந்தத் தேதியை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம். ஒரே ராத்திரியில் தென்னை எல்லாம் சாய்ஞ்சு கிடந்தது. கரன்ட் கம்பங்கள் ஒடிஞ்சு கிடந்தது. எங்களுடையது ஓட்டு வீடு. பிய்ச்சுக்கிட்டு விழுந்த ஓடுகளில் ரெண்டு, மேஜையில் இருந்த லேப்டாப் மூடி மேல் விழுந்தது. ஸ்கிரீன் நொறுங்கிப் போச்சு. மரத்தையே இழந்த வீட்டில் ஸ்கிரீன் மாத்த யார் காசு கேட்பாங்க? அக்கா அதை ஒரு பழைய புடவையில் சுத்திப் பரணில் ஏத்தினா. பரீட்சைப் படிப்பும் அதோட பரணேறிடுச்சு. அப்புறம் கல்யாணம், பாப்பான்னு வருஷம் ஓடிப்போச்சு.

இந்த வருஷம் அவ மறுபடி படிக்க ஆரம்பிச்சா. குரூப் 4. மாதிரித் தேர்வுகளை எல்லாம் செல்போனில்தான் எழுதிப் பார்க்கிறா. 200 கேள்வி, மூணு மணி நேரம். அந்தக் குட்டி ஸ்கிரீனில் படிச்சுப் படிச்சு கண்ணு எரியுதுடான்னு ஒரு நாள் போனில் சொன்னா. அன்றைக்குத்தான் பரண் ஞாபகம் வந்தது.

ஸ்கிரீன் போனால் லேப்டாப்பே போச்சுன்னு நாம நினைக்கிறோம். அப்படி இல்லை பாஸ்! ஸ்கிரீன், கீபோர்டு, பேட்டரி எல்லாம் மதர்போர்டில் சொருகியிருக்கிற உறுப்புகள்தான். மதர்போர்டு உயிரோட இருந்தால் ஒரு பழைய மானிட்டர், ஒரு யு.எஸ்.பி. கீபோர்டு, அதே பழைய அடாப்டர் போதும். நானும் ஸ்குரூவை ஒவ்வொன்றாகக் கழட்டி போர்டை வெளியே எடுத்தேன். ஏழு வருஷத் தூசியை பிரஷ்ஷால் தட்டி, பிராசஸர் மேல் காய்ஞ்சு போயிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைச்சுப் புதுசு தடவினேன். ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் ஒரு எஸ்.எஸ்.டி. ரேமை 2 ஜிபியிலிருந்து 8 ஜிபி ஆக்கினேன். எல்லாம் செகண்ட் ஹேண்ட்தான். வைஃபை ஆன்டெனா உடைஞ்ச மூடிக்குள்தான் ஒளிஞ்சிருக்கும். அந்த ரெண்டு மெல்லிய ஒயரையும் உரிச்செடுத்து பலகை ஓரத்தில் டேப் போட்டு ஒட்டினேன்.

ஸ்விட்சைத் தட்டினேன். ஃபேன் சுத்திச்சு. மானிட்டரில் வெளிச்சம் வந்தது. ஹாஸ்டலில் அன்றைக்கு ஒரே விசில்!

அந்த லேப்டாப்பில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. பாஸ், நிஜமாவே அதுக்குப் பேரு 'பாஸ்'தான்! நான் அதை எடுத்துட்டு, லேசாக ஓடுகிற புது லினக்ஸ் ஒன்றைப் போட்டேன்.

மூடி எதுக்கு?

பஸ் கீரனூரைத் தாண்டியதும் வெளியே நார்த்தாமலைக் குன்றுகள் தெரிய ஆரம்பிக்கும். ஒரு புல் பூண்டு இல்லாத மொட்டைப் பாறைகள். மரமும் மண்ணும் மூடாத, எலும்பு தெரிகிற மலை. ஓபன் ஃப்ரேம் மலைன்னு வெச்சுக்கலாமா?!

கண்டக்டர் கேட்ட கேள்வி மனசுக்குள் ஓடிட்டே இருந்தது. மூடி எங்க?

கம்ப்யூட்டர் வரலாற்றைப் புரட்டினால் மூடி இல்லாத ஹீரோக்கள் நிறைய பேர். 1976-ல் வந்த ஆப்பிள் 1 வெறும் போர்டாகத்தான் விற்பனைக்கு வந்தது. விலை 666 டாலர் 66 சென்ட். கீபோர்டு, கேபினெட் எல்லாம் வாங்குகிறவர் பாடு. சிலர் மரப்பெட்டி செஞ்சு அதுக்குள் வெச்சாங்க. 1999-ல் கூகுள் சின்ன கம்பெனியாக இருந்தப்போ அவங்க சர்வர்களுக்குக் கேபினெட்டே கிடையாது. ஒரு தட்டின் மேல் கார்க் விரிச்சு, அதுக்கு மேல் நாலு மதர்போர்டை அப்படியே அடுக்கி ரேக்கில் சொருகினாங்க. காசும் மிச்சம், இடமும் மிச்சம். 2012 பிப்ரவரி 29-ல் வந்த ராஸ்பெர்ரி பை, ஏ.டி.எம். கார்டு சைஸில் ஒரு முழுக் கம்ப்யூட்டர். அதுவும் மூடி இல்லாமல்தான் கைக்கு வந்தது.

போர்டின் அளவும் இப்படித்தான் சுருங்கிக்கிட்டே வந்திருக்கு. 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். போர்டு 30.5 செ.மீ. நீளம், 24.4 செ.மீ. அகலம். 2001-ல் தைவானின் வியா நிறுவனம் கொண்டுவந்த மினி ஐ.டி.எக்ஸ். வெறும் 17-க்கு 17 செ.மீ. காம்பாக்ட் கம்ப்யூட்டர் கட்டுகிறவங்களுக்கு இன்றைக்கும் அதுதான் செல்லப்பிள்ளை. ஆனால் அளவு சுருங்கச் சுருங்க ஒரு தலைவலி கூடும். சூடு! பெரிய கூடத்தில் பத்து பேர் உட்கார்ந்தால் தெரியாது. அதே பத்து பேர் ஒரு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தால்? அதான் மேட்டர்.

'நம்மளுதுதான் திறந்தே இருக்கே, சூடு எப்படி வரும்?'னு நான் அப்போ நினைச்சிருந்தேன். அந்த நினைப்பு எவ்வளவு தப்புன்னு தெரிய இன்னும் ஒரு நாள் இருந்தது.

ராஜ வீதியில் ஒரு ரவுண்டு

புதுக்கோட்டை டவுனைப் பார்த்திருக்கீங்களா? தெருக்கள் எல்லாம் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி நேர் நேராக இருக்கும். மன்னர் காலத்தில் 19-ம் நூற்றாண்டிலேயே திட்டம் போட்டு அமைச்ச ஊர். கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதின்னு நாலு பக்கமும் ராஜ வீதிகள். குறுக்கே வெட்டுகிற சின்னத் தெருக்கள். மாடியில் ஏறி நின்னு பார்த்தால் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவனுக்கு வேற என்ன தோணும்? மதர்போர்டுதான்!

தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம் 1948 மார்ச் 3-ம் தேதி இந்தியாவோடு இணைந்தது. 1974 ஜனவரி 14-ல் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆச்சு. மன்னரின் புது அரண்மனைதான் இப்போ கலெக்டர் ஆபீஸ். கட்டடம் அதே, உள்ளே ஓடுகிற ஆட்சி மட்டும் புதுசு. பழைய கேபினெட்டுக்குள் புது போர்டு மாட்டுகிற வேலையை நம்ம ஊர் எப்பவோ செஞ்சிடுச்சு!

டவுனில் இறங்கினதுக்குக் காரணம் ஷாப்பிங். லிஸ்ட்டைக் கேளுங்க... போர்டைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்த பித்தளைத் தண்டுகள் எட்டு, ரப்பர் புஷ் நாலு, ஒரு முழம் நைலான் கொசுவலை, ஒரு பழைய மானிட்டர். ரிப்பேர் கடை அண்ணன் என் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கட்டியிருக்க. எங்க வைக்கப் போற?"

"திருமயம் பக்கம், அக்கா வீட்டுலண்ணே."

"கட்டுமாவடி, ஜெகதாப்பட்டினம் பக்கம்னா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். கடல் காத்துல உப்பு இருக்கும். திறந்து வச்ச போர்டுல பச்சை பூத்துரும். உங்க பக்கம் உப்பு இல்ல. ஆனா தூசி இருக்கு, வெயில் இருக்கு. முக்கியமா பல்லி இருக்கு. பார்த்துக்க!"

பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் போட்டிருப்பாங்க. தலையில் விழுந்தால் இது, தோளில் விழுந்தால் அதுன்னு. ரேம் மேல் விழுந்தால் என்ன பலன்னு எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. அண்ணன் சொன்னார்... "ஷார்ட் சர்க்யூட்!"

பேட்டரியைப் பத்தியும் அவர்தான் எச்சரிச்சார். பழைய லேப்டாப் பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். குப்பையிலும் போடக்கூடாது. இ-வேஸ்ட் எடுக்கிறவங்ககிட்ட கொடுக்கணும். நான் பேட்டரியே இல்லாமல் அடாப்டரில்தான் ஓட்டினேன். 230 வோல்ட் கரன்ட் அடாப்டர் டப்பாவுக்குள்ளேயே நின்னுடும். போர்டுக்கு வருவது 19 வோல்ட்தான். அதனால்தான் தைரியமாகத் திறந்து வைக்க முடிஞ்சது. டெஸ்க்டாப்பில் இருக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்க எந்தக் காலத்திலும் திறந்திடாதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதுக்குள் கரன்ட் தங்கியிருக்கும்.

கடையை விட்டு வெளியே வந்து ஒரு முட்டை மாஸ், ரெண்டு புரோட்டா. புதுக்கோட்டைக்கு வந்துட்டு முட்டை மாஸ் சாப்பிடாமல் போனால் அது பயணமே இல்லை!

137-வது கேள்வி

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி ரோட்டில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் திருமயம். தூரத்திலேயே பாறை மேல் கோட்டை தெரியும். ராமநாதபுரம் சேதுபதி 1687-ல் கட்டினது. அங்கிருந்து கடியாபட்டி பக்கம் ஒரு சின்ன ஊரில்தான் அக்கா வீடு. சிமென்ட் ஷீட் போட்ட ரெண்டு ரூம் வீடு.

பலகையைப் பார்த்ததும் அக்கா ஒண்ணும் சொல்லலை. போர்டு மேல் விரலை வெச்சு, "இது என்னோடதாடா?"ன்னு மட்டும் கேட்டா. பாப்பா கை வெச்சிடுமேன்னு, மாமா சுவர் அலமாரியில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பலகையை உள்ளே படுக்க வெச்சு, மானிட்டரை மேஜையில் வெச்சோம். ராத்திரி சூப்பராக ஓடிச்சு. பாப்பா யானைப் படம் பார்த்துட்டே தூங்கினா.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பத்தரை மணிக்கு அக்கா முழு மாதிரித் தேர்வு எழுத உட்கார்ந்தா. சமையலை மாமா பார்த்துக்கிட்டார். நான் பாப்பாவைத் தூக்கிட்டுத் தெருவுக்குப் போயிட்டேன். பன்னிரண்டரைக்குத் திரும்பி வர்றேன்... அக்கா கறுத்துப் போன ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா.

"137-வது கேள்விடா. பட்டுன்னு அணைஞ்சு போச்சு."

எழுதின பதில் எதுவும் சேவ் ஆகலை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவளுக்குன்னு கிடைச்ச ரெண்டு மணி நேரம் காலி. அவ திட்டியிருந்தால்கூட பரவாயில்லை. "பரவாயில்லடா, போன்லயே எழுதிக்கிறேன்"னு எழுந்து போயிட்டா. அதுதான் எனக்குச் சுருக்குன்னு இருந்தது.

அலமாரிக்குள் கையை விட்டேன். அனல்! மறுபடி ஆன் பண்ணி, வெப்பநிலை காட்டுகிற சாஃப்ட்வேரை ஓட விட்டேன். ஹாஸ்டலில் 60 டிகிரியில் இருந்த பிராசஸர், அரை மணி நேரத்தில் 90-ஐத் தாண்டிச்சு. லேப்டாப் பிராசஸர்கள் பெரும்பாலும் 100 டிகிரியை நெருங்கினதும் தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். அப்படியும் அடங்கலைன்னா, உயிர் பிழைச்சால் போதும்னு தானே ஆஃப் ஆகிடும்.

கேபினெட்டே இல்லாத கம்ப்யூட்டர் ஏன் இப்படிக் கொதிக்குது? எனக்குப் புரியலை.

வளவுக்குள் ஒரு ஊதுபத்தி

என் மூஞ்சியைப் பார்த்த மாமா, "வாடா மாப்ள, காலாற நடந்துட்டு வருவோம்"னு கூப்பிட்டார். அவருடைய பெரியப்பா பக்கத்தில் கடியாபட்டியில் ஒரு நகரத்தார் வீட்டுக்குக் காவல் இருக்கார். வீட்டுக்காரங்க எல்லாம் வெளியூரில். விசேஷத்துக்கு மட்டும் வருவாங்க. சாவி இவர்கிட்டேதான்.

செட்டிநாடு என்றாலே நாம காரைக்குடி, கானாடுகாத்தான்னு சிவகங்கை மாவட்டத்தைத்தான் நினைப்போம். ஆனால் அந்த எழுபத்துச் சொச்சம் ஊர்களில் ஒரு பங்கு நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கு. கடியாபட்டி, ராயவரம், பனையப்பட்டின்னு வரிசையாகச் சொல்லலாம். 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியிருக்கு.

வெளியே வெயில் மண்டையைப் பிளக்குது. வாசல் படி ஏறி, பர்மா தேக்குக் கதவைத் தாண்டி உள்ளே கால் வெச்சால்... சில்லுன்னு ஒரு தரை! ஃபேன் இல்லை, ஏ.சி. இல்லை. நடுவில் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கு வளவு. சுற்றிலும் தூண்கள், தாழ்வாரம். முன் வாசலில் நின்னு பார்த்தால், கதவுக்கு நேர் கதவாகப் போய், கடைசிக் கட்டைத் தாண்டிப் பின் தெரு வரைக்கும் பார்வை ஓடும்.

"ஐயா, திறந்து கிடக்கிறதாலதான் இவ்வளவு குளுமையா?"ன்னு பெரியவர்கிட்ட கேட்டேன்.

சிரிச்சார். "தெறந்து போட்டா மட்டும் காத்து வராது தம்பி. காத்து எதுல வரணும், எதுல போகணும்னு இருக்கு. உச்சி வெயிலுக்கு முன் கதவு, பின் கதவு, வெயில் பக்கத்து ஜன்னல் எல்லாத்தையும் சாத்திருவேன். இல்லாட்டி அனலு உள்ள வந்துரும். வளவு மட்டும் தெறந்தபடி இருக்கும். பொழுது சாஞ்சதும் ரெண்டு கதவையும் விரியத் தெறந்து விடுவேன். அப்புறம் பாரு."

பொழுது சாய்கிற வரைக்கும் அங்கேயே இருந்தோம். விளக்கேத்துகிற நேரம் பெரியவர் ரெண்டு கதவையும் திறந்துட்டு, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி, முகப்புப் பக்கம் ஒண்ணு சொருகி வெச்சார். அந்தப் புகையைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன். முகப்பிலிருந்து ஒரு நூல் மாதிரி உள்ளே சாய்ஞ்சுது. தாழ்வாரத்தைத் தாண்டி வளவுக்கு வந்ததும் தலையைத் தூக்கிச்சு. அப்படியே மேலே ஏறி வானத்துக்குப் போயிடுச்சு. கொஞ்சம்கூட திரும்பி வரலை.

அவ்வளவுதான், மண்டையில் பல்பு எரிஞ்சது!

வளவுக்கு மேல் கம்பி வலை அடிச்சிருந்ததையும் அப்போதான் கவனிச்சேன். "குரங்குக்கும் காக்காய்க்கும்தான் அது. காத்துக்குத் தடையில்ல"ன்னார் பெரியவர். திறந்த வீடுதான். ஆனால் எதுக்குத் திறப்பு, எதுக்குத் தடுப்புன்னு ஒவ்வொண்ணையும் யோசிச்சுக் கட்டின திறந்த வீடு. சூடான காத்து லேசு, மேலே ஏறும். அது ஏறின இடத்துக்கு நிழலில் இருக்கிற குளிர்ந்த காத்து வரும். தடித்த சுண்ணாம்புச் சுவரும் உயரமான கூரையும் பகல் சூட்டைச் சீக்கிரம் உள்ளே விடாது. தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் நான் பக்கம் பக்கமாக எழுதினதுதான். எழுதினேனே தவிர, கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

பலகை நிமிர்ந்தது

கிளம்பும்போது பெரியவர்கிட்ட ரெண்டு ஊதுபத்தி வாங்கிட்டு வந்தேன். "சாமிக்கா?"ன்னு கேட்டார். "கம்ப்யூட்டருக்கு ஐயா!"

அலமாரியில் பலகையை ஓட விட்டு, ஒரு கை தள்ளி ஊதுபத்தியைப் பிடிச்சேன். குட்டு உடைஞ்சு போச்சு! ஃபேன் தள்ளுகிற சூடான காத்து ரெண்டு அங்குலத்தில் இருந்த சுவரில் முட்டி, மேல் தட்டில் முட்டி, ஒரு ரவுண்டு அடிச்சு, மறுபடி அதே ஃபேனுக்குள் போகுது. வெளியேத்தின சூட்டையே திரும்பத் திரும்ப உள்ளே இழுத்துக்கிட்டிருக்கு. திறந்த கம்ப்யூட்டரை மூடிய அலமாரியில் வெச்சது நான்தான்.

இன்னொண்ணும் புரிஞ்சது. லேப்டாப்பின் பிளாஸ்டிக் மூடி சும்மா அழகுக்கு இல்லை. உள்ளே போகிற காத்தையும் வெளியே போகிற காத்தையும் அது தனித்தனியாகப் பிரிச்சு வெச்சிருந்தது. போகிற வழியில் ரேம், மத்த சிப்புகள் மேலும் காத்து படுகிற மாதிரி வழிகாட்டினதும் அதுதான். மூடியைக் கழட்டினப்போ அந்த வழியையும் சேர்த்துக் கழட்டிட்டேன். கண்டக்டர் அண்ணன் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி பாருங்க. மூடி எங்க?

அன்றைக்கு ராத்திரியே வேலை ஆரம்பம். மாமா ரம்பம் பிடிச்சார். பலகையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தினோம். சூடு வெளியேறுகிற பக்கம் மேலே, வளவு மாதிரி. காத்தை இழுக்கிற வாய்க்கும் வெளியேத்துகிற வாய்க்கும் நடுவில் ஒரு பிளைவுட் பட்டை, தடுப்புச் சுவர். அலமாரியே வேண்டாம்னு, பாப்பாவுக்கு எட்டாத உயரத்தில், ஜன்னல் வெயில் படாத சுவரில் மாட்டினோம். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் நாலு விரற்கடை இடைவெளி. அதிர்வு சத்தம் வராமல் இருக்க ரப்பர் புஷ். முன்பக்கமும் மேலேயும் சட்டம் அடிச்சு கொசுவலை. பல்லி அண்ணாச்சிக்கு நோ என்ட்ரி!

நிமிர்த்தி வைக்கிறது நான் கண்டுபிடிச்ச வித்தை இல்லை. 2000-ல் ஆப்பிள் ஃபேனே இல்லாமல் கொண்டுவந்த ஜி4 கியூபும், 2013-ல் வந்த உருளை வடிவ மேக் புரோவும் சூட்டை மேல் பக்கம் வெளியே விட்டவைதான். தத்துவம் ஒண்ணுதான், வளவுத் தத்துவம்.

மறுபடி ஊதுபத்தி. இந்தத் தடவை புகை கீழேயிருந்து வலைக்குள் நுழைஞ்சு, மேலே ஏறி, கூரையைப் பார்த்துப் போச்சு. மறுநாள் காலேஜுக்கு லீவு போட்டேன். ஷீட் வீட்டில் உச்சி வெயில் நேரத்தில் மூணு மணி நேரம் ஓட விட்டேன். 74 டிகிரியைத் தாண்டலை. ஹாஸ்டல் அளவுக்குக் குளுமை இல்லைதான். ஆனால் அணையலை.

கொசுவலையில் தூசி படியும். படிஞ்சால் காத்து குறையும். அதனால் வாரம் ஒரு நாள் வலையைக் கழட்டித் தட்டணும். இதை அக்காகிட்ட சொன்னதும், காலண்டரில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையிலும் ஒரு புள்ளி வெச்சா. "வீடு கழுவுற அன்னிக்கே இதையும் தட்டிடறேன்டா"ன்னா. பாதி வழியில் அணைஞ்சால் பதில்கள் போகாமல் இருக்க, ஒவ்வொரு பத்து கேள்விக்கும் பதிலை நோட்டில் குறிச்சுக்கணும்னு அவளே ஒரு வழியும் கண்டுபிடிச்சிருந்தா. மெஷினை நம்பினாலும் முழுசா நம்பாதவ எங்க அக்கா!

நீங்களும் ஒரு தடவை...

உங்க வீட்டுப் பரணிலும் ஸ்கிரீன் உடைஞ்ச லேப்டாப் ஒண்ணு தூங்குதா? எடுத்துப் பாருங்க. மானிட்டரில் சொருகி உயிர் இருக்கான்னு முதலில் டெஸ்ட் பண்ணுங்க. உயிர் இருந்தால் பலகை, நாலு ஸ்குரூ, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எந்த இடத்தில் வைக்கப் போறீங்களோ, அந்த இடத்திலேயே ஊதுபத்தி வெச்சுக் காத்தின் வழியைப் பாருங்க. போர்டு மேல் சாம்பல் விழாமல் கொஞ்சம் தள்ளியே பிடிங்க. ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கண்ணாடிக் கேபினெட், கலர் லைட் எல்லாம் வாங்கினாலும் சரி, காத்துக்கு வழி யோசிக்காமல் கட்டினால் என் அலமாரிக் கதைதான்.

புதுக்கோட்டைப் பக்கம் வந்தால் சித்தன்னவாசல், திருமயம் கோட்டையோடு திரும்பிடாதீங்க. கடியாபட்டி, ராயவரம் தெருக்களில் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்க. யாராவது ஒரு பெரியவர் கதவைத் திறந்து வெச்சிருப்பார். கேட்டுட்டு, வளவு ஓரம் ஒரு நிமிஷம் நில்லுங்க. எந்த லேபிலும் கிடைக்காத பிராக்டிகல் கிளாஸ் அது.

நான் கிளம்புகிற அன்றைக்கு அக்கா மறுபடி அந்த மாதிரித் தேர்வை எழுத உட்கார்ந்திருந்தா. 137-வது கேள்வி வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சா. சுவரில் ஃபேன் சத்தமில்லாமல் ஓடிக்கிட்டிருந்தது. 200 கேள்வியையும் முடிச்சுட்டுத்தான் எழுந்தா. மார்க் எவ்வளவுன்னு கேட்டேன். "அதெல்லாம் நிஜப் பரீட்சை முடிஞ்சு சொல்றேன், நீ பஸ்ஸைப் புடி"ன்னுட்டா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதே ஜன்னலோர ஸீட். மடியில் கனமும் இல்லை, வழியில் பயமும் இல்லை!